வடகரை வீட்டுச் சாயா

வீடு வீடாகப் போய் விரலில் குத்திச் சுகர் பார்ப்பதும், எதைச் சாப்பிட வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்வதும்தான் என் வேலை. தென்காசியில் நடந்த பயிற்சியில் ஒட்டுவதற்கு ஒரு போஸ்டர் கொடுத்தார்கள். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய். இதைத் தயாரித்த மகராசன் எங்கள் பக்கத்துச் சந்தையில் ஒருநாளாவது காய் வாங்கியிருப்பானா? இடைவேளைக்கு எங்களுக்குக் கொடுத்தது சீனி போட்ட டீயும் கிரீம் பிஸ்கட்டும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடகரையில் ஒரு அக்கா. கணவர் துபாயில். அக்காவுக்குக் கால் பெருவிரலில் ஆறாத புண். சோதித்தால் சுகர் முந்நூறைத் தாண்டி நின்றது.

"அக்கா, சீனி போட்ட சாயாவ இன்னையோட விட்ருங்க. இல்லன்னா விரல் போயிரும்" என்றேன்.

பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு சாயா கொண்டுவந்தார். மேலே நுரை, அடியில் கரையாத சீனி. வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வீட்ல குடிக்க மாட்டியளோ?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், நான் நெற்றியில் திருநீறு வைத்தவள். பதறிப்போய் ஒரே மூச்சில் குடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே தனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்.

"நீங்களே குடிக்கிய, எனக்கு மட்டும் என்ன வந்திரப் போவுது?"

மாதாமாதம் இதே கதைதான்.

அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் எழுந்து அதிகாரியிடம் கேட்டேன்: "சார், போற வீட்டுல சாயா குடுத்தா என்ன சொல்லணும்?"

அதிகாரி சிரித்தார். "இதெல்லாம் ஒரு பிரச்சினையாம்மா? போஸ்டரை ஒழுங்கா ஒட்டுனீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் "ஒட்டியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தருவியில் சீசன் தொடங்கிய வாரம் அந்த அக்காவின் விரலை எடுத்துவிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். காலில் கட்டோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, இரண்டு கிளாஸ் சாயா கொண்டுவந்தார்.

"ரெண்டுலயும் சீனி போடல. குடிப்பியல்லா?"

குடித்தேன். அந்த அதிகாரி மேல் இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. என் மேல் அதைவிடக் கோபம். "ரெண்டு பேருக்கும் சீனி இல்லாம போடுங்க அக்கா" என்று, அவருக்கு விரல் இருந்தபோதே சொல்ல எனக்குத் தோன்றவில்லையே.