அம்மாக்களுக்கு முதல் கண்ணாடி

எங்கள் மாடி போர்ஷனில் சில மாதங்கள் இலங்கையிலிருந்து வந்த ஓர் ஆசிரியை குடியிருந்தார். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் நடத்துகிறவர். அம்மாவின் இதய ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தவர், வாடகை கட்டுப்படியானதால் சேலையூரில் தங்கியிருந்தார். ஒருநாள் தாம்பரம் பஸ் நெரிசலில் அவருடைய கண்ணாடி உடைந்துபோனது. கேம்ப் ரோட்டில் இருக்கும் கண்ணாடிக் கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன்.

கடை எங்கள் பக்கத்துத் தெரு அக்காவுடையது. கண் பரிசோதனைக்குப் படித்தவர். பர்தாவின் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பார்ப்பார். உடைந்த கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தவர், "இன்னா டீச்சர், இத்தினி பவரை வெச்சிக்கினு ஸ்பேர் ஒண்ணு வாங்காம இருக்கீங்க?" என்றார்.

"எனக்காவது ஒண்ணு இருந்திச்சு அக்கா. எங்க புள்ளைங்களுக்கு அதுவும் இல்ல" என்றார் ஆசிரியை. "பின் பெஞ்சுல பலபேருக்கு போர்டே தெரியாது. பக்கத்துல இருக்கிற புள்ளையோட கொப்பியப் பாத்து எழுதும். மக்குப் புள்ளைங்கன்னு நாங்களே நெனச்சிருக்கோம்."

"டாக்டர் இல்லியா?"

"டவுன் ஆஸ்பத்திரியில இருக்காரு. கூப்பிட்டா வந்து பாத்து எழுதியும் குடுப்பாரு. கண்ணாடி யாரு வாங்குறது?"

அக்கா யோசிக்கவேயில்லை. "அவரை எழுதித் தரச் சொல்லுங்க. நான் செஞ்சி தர்றேன்."

ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே கடையில் யார் வந்தாலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றியே பேச்சு. பள்ளிவாசல் தெருவில் ஃப்ரேம் வியாபாரம் செய்பவர் ஒரு பெட்டி நிறைய குழந்தைகள் ஃப்ரேம் கொண்டுவந்து வைத்தார். எங்கள் காலனிப் பெண்கள் உறைகள் தைத்தார்கள். ஆசிரியை ஊர் திரும்பி டாக்டரிடம் பேசி, அவர் பிள்ளைகளைப் பார்த்து எழுதிக்கொடுத்த அளவுகளை அனுப்பிவைத்தார். அந்த வருடக் கோடை லீவில் நாங்கள் ஐந்தாறு பேர் கண்ணாடிகளோடு கிளம்பிப் போனோம்.

பள்ளிக்கூடம் மலைச்சரிவில் இருந்தது. கண்ணாடி மாட்டிவிட்ட ஒரு சிறுமி சுற்றிலும் பார்த்தாள். பிறகு எதிர்ச் சரிவைக் காட்டி, "அந்தா, எங்கம்மா கொழுந்து பறிக்குது!" என்று கத்தினாள். அங்கே ஆட்கள் நிற்பதே அதுவரை அவளுக்குத் தெரிந்ததில்லை. ஊர் திரும்பியதும் காலனியில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மறுவருடம் போனபோது ஒரு பிள்ளையின் முகத்திலும் கண்ணாடி இல்லை.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவளுடைய அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடியை எடுத்துக் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லை. "ஒடைஞ்சா மறுபடி யாருங்க குடுப்பா? பரீட்சைக்கு மட்டும் போட்டுக்கன்னு வச்சிருக்கேன். அதோட பொம்பளப் புள்ள. இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர், "இவங்களுக்குச் செஞ்சு என்ன பிரயோஜனம்?" என்று முணுமுணுத்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். "அவங்க பயம் அவங்களுக்கு. நாம கேக்காம வுட்டது நம்ம தப்பு" என்றவர், அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்பம்மா கண்ணைக் காட்டினீங்க?"

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்கெதுக்குங்க?"

"சும்மா வாங்க. நாலு நிமிஷம்."

பள்ளிக்கூடத்தில் டாக்டர் இருந்தார். அவர் பார்க்க, அக்கா ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டார். மகளைவிட அம்மாவுக்குப் பவர் அதிகம். சரியான வில்லை விழுந்ததும் அந்த அம்மா வாசலைப் பார்த்தார். மகளைக் கிட்டே கூப்பிட்டு, பிறகு தள்ளி நிற்கச் சொல்லி, இன்னும் தள்ளி நிற்கச் சொல்லி, பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ சிரிக்கிறது இங்கயிருந்தே தெரியுதே" என்றார். கண்ணைத் துடைக்கப் போனவரின் விரல் கண்ணாடியில் இடித்தது. அக்காவும் கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அம்மாக்களின் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நின்றது. உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவர்களே வழி சொன்னார்கள். உதிரி ஃப்ரேம்களும் ஸ்க்ரூக்களும் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும், எங்களில் ரெண்டு பேருக்கு மாட்டக் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். அக்கா உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டிப் பிள்ளைகளை நிறுத்திப் பார்ப்பதையும் சொல்லிக்கொடுத்தார். சரியாகத் தெரியாத பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப்போவது இனி அம்மாக்களின் பொறுப்பு.

ஊர் திரும்பி, அம்மாக்களின் கண்ணாடிகளைச் செய்து அனுப்பினோம். அவற்றை மாட்டிக்கொண்டு அவர்கள் மலையேறியபிறகு பிள்ளைகளின் கண்ணாடிகளும் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டன. கல்யாணப் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சிறுமி இப்போது முன் பெஞ்சில் உட்காராமலே போர்டைப் படிக்கிறாள் என்று ஆசிரியை சொன்னார்.

போன மாதம் கடையில் இருந்தபோது அந்தச் சிறுமியின் அம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. அக்கா சத்தமாகப் போட்டார். "அக்கா, புள்ளைங்களுக்குப் பல்லு சொத்தையா இருக்கு. நாங்க நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல் டாக்டரைக் கேட்டோம். அடுத்த மாசம் ஸ்கூலுக்கு வாறேன்னாரு. பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்களையும் வரச் சொல்லியிருக்கோம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

"பாத்தியாம்மா, நம்மளக் கேக்கவேயில்ல!" என்று அக்கா சிரித்தார். இப்படி ஓர் ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாரே என்று எனக்கு மனசு நிறைந்தது. அதற்குள் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வர, உட்காரச் சொல்லிவிட்டு, அவருக்கும் அந்த மெசேஜை முதலிலிருந்து போட்டுக்காட்டினார்.