பிள்ளைகளின் வாயைத் திறவும் என்று கேட்டேன்

அலரி விதை என்னவென்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடுகிற விஷம். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எங்கள் வளவு வேலியில் அதை எட்டு வருடம் வளர்த்தவள் நான். நடந்ததை ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஒளித்ததால்தான் ஒரு பிள்ளையை இழக்கப் பார்த்தோம்.

தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன இல்லம் நடத்துகிறோம். பதினொரு பிள்ளைகள். தாய் தகப்பன் இல்லாதவர்கள், இருந்தும் பார்க்க வழியில்லாதவர்கள். என்னை அன்ரி என்பார்கள். என் கணவர் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்துவிடுவார், அதனால் அதட்டுகிற வேலை முழுவதும் என் தலையில். அது எனக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வீதிப் பக்கம் முழுவதும் மஞ்சள் அலரி. ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, வளர்ந்த பிள்ளைகளுக்கு மறைப்பாகவும் நிற்கும். பக்கத்து வீட்டுச் சிவநேசன் அண்ணை ஓட்டோ ஓடுகிறவர். ஒருநாள் பூசைக்கு அதில் பூப்பறிக்க வந்தவர் சொன்னார்.

“தங்கச்சி, சின்னப் பிள்ளையள் திரியிற வளவு. உந்த அலரியை வெட்டி விடுங்கோ.”

“ஓம் அண்ணை, பாப்பம்” என்றேன். வெட்டவில்லை. வேலியை வெட்டுவதற்குப் பதிலாகச் சட்டம் போட்டேன். வேலிப் பக்கம் போகக் கூடாது, போனால் முழங்கால். எங்கள் மண்டபத்தின் ஒரு மூலையில் சீமெந்து பெயர்ந்து சல்லிக்கல் தெரியும். பிழை செய்தவர் அங்கேதான் முழங்காலில் நிற்க வேண்டும். அடிக்காமல் பிள்ளை வளர்க்கிறேன் என்று நான் சபையில் பெருமையாகக் கதைத்ததும் உண்டு.

போன வருடம் ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஆறு வயதுக் கவிநிலா குசினி வாசலில் வந்து தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். மாம்பழம் அளவுக்கு மிஞ்சித் தின்றிருப்பாள் என்று ஏசிக்கொண்டே வாய் கழுவிவிட்டேன். திரும்பவும் எடுத்தாள். கை சில்லிட்டுக் கிடந்தது. அப்போது என் கணவர் கிணற்றடியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு ஓடி வந்தார். பிள்ளைகள் சோறு கறி ஆக்கி விளையாடிய சிரட்டை. அதற்குள் உடைத்த அலரிக்கொட்டைகள் கிடந்தன.

சிவநேசன் அண்ணை ஒன்றும் கேட்காமல் ஓட்டோவை எடுத்தார். என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மற்றப் பத்துப் பேரோடு நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய அழைப்பு வந்தது.

“துடிப்புச் சரியில்லையாம். ஜெபம் பண்ணும். வேறை ஆரும் திண்டவையோ எண்டு டொக்டர் கேக்கிறா. சத்தி எடுக்காட்டிலும் உள்ளுக்கை வேலை செய்யுமாம். கெதியாக் கேளும்.”

அம்புலன்சுக்கு அடித்தேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். வண்டி வெளிக்கிடுகிறது, அதற்குள் விசாரித்து வையுங்கள் என்றார்கள்.

பத்துப் பேரையும் மண்டபத்தில் வரிசையாக நிறுத்தினேன்.

“ஆர் கவிநிலாவோடை விளையாடினது?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆர் கொட்டை திண்டது? சொல்லுங்கோ.”

எல்லாருக்கும் மூத்தவள் தர்சிகா, பன்னிரண்டு வயது. நிலத்தைப் பார்த்தபடி, “தெரியாது அன்ரி” என்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் ஒரே மாதிரி வெளிறித்தான் இருந்தது. விஷமா, பயமா, நான் எப்படிக் கண்டுபிடிக்க? நின்றபடியே கண்ணை மூடி, “ஆண்டவரே, இந்தப் பிள்ளையளின்ரை வாயைத் திறவும்” என்று சத்தமாக ஜெபித்தேன். கண்ணைத் திறந்தேன். ஒருவரும் அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“சொல்லாட்டி எல்லாரும் முழங்கால்!”

பத்துப் பேரும் திரும்பினார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை. நேரே அந்த மூலைக்குப் போய், இடம் போதாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, வரிசையாக முழங்காலில் நின்றார்கள். நாலு வயதுப் பிள்ளையும் சட்டையை ஒதுக்கிவிட்டு நின்றது.

அந்தப் பிள்ளைகளுக்கு விஷத்தை விட என்னிடம் உண்மை சொல்வதுதான் பெரிய பயம். முழங்கால் என்றால் ஆண்டவரோடு கதைப்பதற்கு என்று நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. வாய் பொத்திக்கொண்டு நிற்பதற்கு என்றுதான் பழக்கியிருக்கிறேன். அவர்களின் வாயைப் பூட்டியவளே நான். பூட்டிவிட்டுத் திறவும் என்று கேட்கிறேன்.

நானும் போய் அவர்களுக்கு முன்னால் அந்தச் சல்லியில் முழங்கால் வைத்தேன். எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நன்றாகக் குத்தியது.

“ஆண்டவரே, வேலியை வெட்டாதது நான். பிழை என்ரை. பிள்ளையளை வெருட்டி வைச்சதும் நான்தான். என்னை மன்னியும். நான் இனி ஒருத்தரையும் இதிலை நிப்பாட்ட மாட்டன்.”

அழுதேன். பிள்ளைகள் முன்னால் நான் அழுததும் அன்றுதான் முதல்.

பின்னால் முழங்காலாலேயே நகர்ந்து வந்து ஒரு சின்னக் கை என் தோளைத் தொட்டது. அபிநயா. ஏழு வயது. சத்தி எடுக்கவில்லை, வயிறு நோகிறது என்று சொல்லவில்லை. அவள் மேல் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது.

“அன்ரி, கவிநிலாவுக்குக் கொஞ்சம்தான் குடுத்தனான். மிச்சம் நான் திண்டனான்.”

“ஏன் ராசாத்தி முதல்லை சொல்லேல்லை?”

“வேலிப் பக்கம் போகக் கூடாது எண்டு சொன்னீங்களெல்லோ.”

வேறு யாரும் தின்னவில்லை என்று தர்சிகாவும் அப்போது வாய் திறந்தாள். அம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றபோது பெயர் என் கையில் இருந்தது. ஓடும் வண்டியிலேயே அபிநயாவின் துடிப்புக் குழம்பத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கரிக் கரைசல் பருக்கி, நெஞ்சில் வயர் பூட்டி, இரண்டு பிள்ளைகளையும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். “நல்ல நேரத்திலை கண்டுபிடிச்சிட்டீங்கள் அம்மா. வீட்டிலை நிண்டிருந்தால் இந்தப் பிள்ளை தப்பியிராது” என்றார் டொக்டர். கண்டுபிடித்தது நானா? எனக்குத் தெரியும் யார் என்று.

மூன்று நாள் அந்த இயந்திரத்தின் கோட்டையே பார்த்துக்கொண்டு வாங்கில் இருந்தோம். கோடு தடுமாறும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது. சிவநேசன் அண்ணை தேத்தண்ணிப் போத்தலோடு வந்து, “நானும் சந்நிதி முருகனிட்டை ஒரு சொல் சொல்லிப்போட்டுத்தான் வாறன், குறை நினையாதேங்கோ” என்றார். அலரியை வெட்டச் சொன்னதைக் கேளாததற்காக நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நாலாம் நாள் இரண்டு பிள்ளைகளும் பாண் கேட்டார்கள். கர்த்தருடைய கிருபையை அந்தப் பாண் துண்டில் கண்டேன்.

வேலியை அண்ணையும் என் கணவருமாக வேரோடு எடுத்தார்கள். இப்போது அங்கே தகரம். மூலைக்குச் சீமெந்து பூசி, பாய் விரித்திருக்கிறோம். மாலை ஜெபத்துக்கு நான் அதில்தான் இருப்பேன். விரும்பின பிள்ளை பக்கத்தில் வந்திருக்கும்.

பிள்ளைகளை வைத்திருக்கிற சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மூலை இருந்தால், முதலில் நீங்கள் போய் அதில் முழங்கால் வையுங்கள். அங்கேயும் அவர் கேட்கிறார். கேட்டதை நிறுத்தாமல் தருகிறார், அதையும் சொல்லி வைக்கிறேன். கோப்பை உடைத்தது, கொப்பி தொலைத்தது, பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்தது என்று நாள் முழுக்க வந்து சொல்கிறார்கள். எனக்குத் தலை வெடிக்கிறது. போன கிழமை அபிநயா வந்து பாயில் என்னருகே இருந்தாள்.

“அன்ரி, ஒண்டு சொல்லட்டே? இண்டைக்கு நீங்கள் தர்சிகா அக்காவைச் சும்மா ஏசிப்போட்டீங்கள். அவ பிழை செய்யேல்லை.”

“ஓம் பிள்ளை” என்றேன். எழும்பித் தர்சிகாவைத் தேடிப் போனேன்.