ருசி பார்க்காமல் சொன்ன பாரைக் குழம்பு

இன்று காலை திருகோணமலை மீன் சந்தையில் பாரை வாங்கினேன். மீன் வெட்டித்தரும் சல்லி ஊர் அக்கா என் குரல் கேட்டு நிமிர்ந்தார்.

"டிவியில சமைச்சுக் காட்டின கிண்ணியா ஆள்தானே நீங்கள்?"

"ஓம்" என்றேன். நிகழ்ச்சி நின்று நான்கு வருடமாகிறது.

"என்ட மனுசன் மோசம்போக முதல் கடைசியாச் சாப்பிட்டது, டிவியில பார்த்து நான் வைச்ச உங்கட பாரைக் குழம்பு. ஒண்டும் சாப்பிட ஏலாமல் கிடந்தவர், ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."

அந்தக் குழம்பை நோன்பு மாதத்தில் படம்பிடித்தோம். நாக்கில் ஒரு துளிகூட வைக்காமல், "உப்புப் புளி எல்லாம் சரியா இருக்கு" என்று கமெராவைப் பார்த்துச் சிரித்தேன். நோன்பு திறந்த பிறகு வாயில் வைத்தால், உப்புக் கரித்தது. நிகழ்ச்சி அப்படியே ஒளிபரப்பானது.

இன்று சொல்லிவிட்டேன். "அக்கா, அண்டைக்கு நான் நோன்பு. ருசி பார்க்காமல்தான் சொன்னனான்."

அவர் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். உங்கட உதடு காய்ஞ்சு கிடந்தது. நான் உப்பைப் பாதியாத்தான் போட்டனான்."

பத்து வருடம் ஊருக்கே சமையல் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு யாரெல்லாம் என் உப்பைக் குறைத்துப் போட்டீர்கள்? இப்போதாவது சொல்லிவிடுங்கள்.