சுவரொட்டியில் அழுத பாக்கியலெட்சுமி

உண்மையில் அவள் அழவில்லை. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் எதிர்வெயிலுக்கு முகத்தைச் சுளித்தாள். அந்த நேரம் பார்த்து வீரசிங்கம் படம் பிடித்துவிட்டார். மாதவிலக்குத் துவாய் விற்கும் ஒரு கம்பெனிக்குப் பதுளைப் பிரதிநிதி அவர். "சும்மா, ஒரு ஞாபகத்துக்கு" என்றுதான் கேட்டிருந்தார். எழுபத்தொன்பதாம் ஆண்டு, சாமான்களும் அவற்றுக்கான தேவைகளும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய காலம்.

பிறகு சுவரொட்டி வந்தது. இடப்பக்கம் பாக்கியலெட்சுமியின் சுளித்த முகம், கீழே 'நேற்று'. வலப்பக்கம் வெள்ளைப் பாவாடையில் ஒரு தட்டெழுத்துக்காரி சிரித்தாள்; கீழே 'இன்று'. அடியில் ஒரு கேள்வி: 'உங்கள் பின்னால் யார் பார்க்கிறார்கள்?' முதலில் பயத்தை விற்று, பிறகு மருந்தை விற்பது இந்தத் தொழிலின் நாகரிகம். பெண்களின் மானம் காக்கப் புறப்பட்டவர்கள் ஒருத்தியின் மானத்தை ரயில் ஸ்டேசன் சுவரில் பசை தடவி ஒட்டினார்கள்.

லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அவளை "நேத்து அக்கா" என்றார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லாரும் கேட்க, "என்ன பாக்கியம், இன்னிக்கும் தூரமா?" என்றார் கங்காணி முருகையா. அவள் சுவரொட்டியைக் கிழித்தாள். மறுநாள் வீரசிங்கம் அதே இடத்தில் இரண்டு ஒட்டினார்.

பிறர் செய்த நல்லதையும் கெட்டதையும் மறக்காதவள் அவள். கெட்டதைக் கொஞ்சம் கூடுதலாக.

"கங்காணி அப்புறம். மொதல்ல அந்த ஆளு" என்று பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறிக்கும் இராக்கம்மாவிடம் சொல்லிவைத்தாள்.

பதவி உயர்வு நெருங்கிய நேரம், கொழும்பு மேலாளரை அழைத்துக்கொண்டு வீரசிங்கம் மடுவத்துக்கு வந்தார். துவாயில் நீலத் தண்ணீரை ஊற்றினார். "பாருங்க தங்கச்சி, ஒரு சொட்டு ஒழுகல. சேலையில கறை பட்டா எவ்வளவு வெக்கம்!"

பெண்கள் சிரித்தார்கள். கொழுந்து பறிப்பவள் செடியின் ஈரத்துக்காக இடுப்பைச் சுற்றி முரட்டுப் படங்குத் துணி கட்டியிருப்பாள். அதைத் தாண்டி எந்தக் கறையும் வெளியே தெரியாது. வீரசிங்கம் முகத்தைத்தான் படம் பிடித்தார், இடுப்பைக் கவனிக்கவில்லை.

பாக்கியலெட்சுமி முன்னால் வந்தாள். "கறையில்லீங்க எங்க தொல்லை. மலையில மாத்துறதுக்கு மறைவு இல்ல. காலையில கட்டினா அந்தி வரைக்கும் தாங்குமா?"

"சத்தியமா தாங்கும்!"

"அப்ப நீங்க கட்டிக்கிட்டு ஒரு நிரை ஏறிக் காட்டுங்க. தாங்குச்சுன்னா லயமே வாங்கும்."

வீரசிங்கம் சிரித்துச் சமாளித்தார். மேலாளர் சிரிக்கவில்லை, 'லயமே' என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. "ஏறுங்க, வீரசிங்கம்."

காற்சட்டைக்கு மேல் துவாய், அதன்மேல் இராக்கம்மாவின் படங்கு, தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கிய கூடை. மழை பிடித்துக்கொண்டது. பாதி மலையில் துவாய் ஊறிப் பருத்து, நழுவி, படங்குக்குக் கீழே ஆடியது.

"ஐயா! பின்னால யாரு பாக்குறாங்கன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க!" என்று கீழேயிருந்து கூவினாள் பாக்கியலெட்சுமி.

லயம் ஒன்றும் வாங்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பதுளைக்குப் போன ஒரு நாளில் பாக்கியலெட்சுமி அந்தத் துவாயைக் கட்டிப் பார்த்திருந்தாள்.

"நல்ல சாமான்தான்டி" என்று இராக்கம்மாவிடம் ஒத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"சாமான் நல்லது. அவன் விக்கக் கூடாது."

மேலாளரின் உத்தரவில் வீரசிங்கமே ஸ்டேசன் சுவரைச் சுரண்ட வந்தார். அவள் வேலைக்குப் போகாமல், குடை பிடித்து நின்று பார்த்தாள்.

"மன்னிச்சிரு தங்கச்சி" என்றார்.

"அது கெடக்கட்டும். நல்லாச் சொரண்டுங்க, என் காது ஒன்னு இன்னும் ஒட்டியிருக்கு."