தங்கச்சி என் பாய்க்கு வராத மாதங்கள்

தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பதினொன்று. ஏறாவூரில் வாவிக்கரையோரம் வலை உதறிய இடத்தில் கெளுத்தி முள் ஒன்று அவள் குதிக்காலில் ஏறி உள்ளேயே உடைந்துபோனது. உம்மா மஞ்சள் அரைத்துக் கட்டினார். ஒரு கிழமையில் கால் வீங்கிக் காய்ச்சலும் வந்தது. பட்டணத்துக்குக் கொண்டுபோய் வெட்டிச் சீழ் எடுக்கவேண்டும் என்றார்கள்.

அவளைக் கிளப்பியவள் நான்தான். "கோச்சியில போய் ஊர் பார்ப்பம், வா புள்ள" என்றேன். ஆஸ்பத்திரி என்று சொன்னால் வரமாட்டாள் என்று வாப்பா பயந்தார். ரயிலில் என் மடியில் இருந்தபடி, வயல் வட்டைகளில் மேய்ந்த கொக்குகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குள் போனதும் அவளுக்கு விளங்கிவிட்டது. "ராத்தா, நீயும் உள்ள வருவியா?"

"ஓம், உன்னோடதான் இருப்பன்."

கதவடியில் ஒருவர் என்னை நிறுத்தினார். நான் கையை விட்டேன். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. இரண்டு பேர் அவள் கையையும் காலையும் அமுக்க, இன்னொருவர் முகத்தில் ஒரு துணியை வைத்து அழுத்தியதைப் பார்த்தேன். இனிப்பான ஒரு மணம் வெளியே வந்தது. "ராத்தா" என்று கத்தினாள். இரண்டாம் தரம் கத்தும்போது பாதியில் குரல் நின்றுபோனது.

எழும்பியபோது உம்மாவையே அவளுக்குத் தெரியவில்லை. தூக்கப்போன வாப்பாவின் கையைக் கடித்தாள். மயக்க மருந்து இறங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். மருந்து இறங்கியது, அவள் சரியாகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பாயை நனைத்தாள். தலை வழியாகச் சட்டை போடவிடாமல் கத்தினாள். உம்மா சட்டைகளையெல்லாம் முன்பக்கம் வெட்டிப் பொத்தான் வைத்தார். கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்த்தால் மூச்சுப் பிடித்து நீலமாகிவிடுவாள். அதுவரை என் வயிற்றில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்தவள் உம்மாவின் அந்தப்பக்கம் போய்ப் படுத்தாள். கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் மாம்பழம் வெட்டிக்கொண்டு போனேன்.

"வேணா. நீதான் கைய விட்டாய்."

மூன்று மாதம் அப்படி இருந்தாள். ஒரே அறைக்குள் இருந்த பிள்ளைக்காக நான் ஏங்கினேன். விளையாடும்போது தானாகப் பாடிக்கொள்வாள்; அதைக் கேட்பதற்காகவே வேலியின் மறுபக்கம் நிற்பேன். நான் நிற்பது தெரிந்தால் பாட்டை நிறுத்திவிடுவாள்.

புண்ணோ ஆறவில்லை. முள்ளின் துண்டு இன்னும் உள்ளே இருந்தது. திரும்பவும் போகவேண்டி வந்தது. இம்முறை மயக்கம் கொடுக்க இருந்தவர் வயதான பறங்கித் தாதி ஒருவர்; மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வாசலில் தங்கச்சி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து என்னிடம் கேட்டார்.

"போன முறை பொய் சொல்லியா கூட்டிவந்த?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"இண்டைக்குப் பொய் வேணாம்" என்றவர் தங்கச்சியின் முன்னால் தரையில் குந்தினார். கம்பியால் செய்த சின்னக் கூடு ஒன்றில் துணி சுற்றியிருந்தது. அதில் இரண்டு சொட்டு ஓடிக்கலோன் வாசனைத் தண்ணீர் விட்டார். "இத மூக்குக்கிட்டப் பிடிப்பன். மணக்கும். மறுகா வேற மருந்து விடுவன், நித்திர வரும். முள்ள எடுத்திருவம். எழும்பினாக் கால் நோகும். முதல்ல யாருக்கு வெச்சுப் பார்ப்பம்?"

தங்கச்சி கூட்டை வாங்கினாள். என்னைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. தூணை விட்டு வந்து அதை என் முகத்தில் வைத்து அழுத்தினாள். மூக்கு வலித்தது. நான் அசையவில்லை. நான் மூச்செடுப்பதை நன்றாகப் பார்த்திருந்துவிட்டுத்தான் கூட்டை எடுத்தாள்.

"இவளும் வரட்டும்" என்று மிஸ்ஸியிடம் சொன்னாள்.

என்னை உள்ளே விட்டார்கள். யாரும் அவளை அமுக்கவில்லை. மிஸ்ஸி கூட்டைத் தூரப் பிடித்து மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்தார். "விடாத" என்றாள் தங்கச்சி. "விடமாட்டன்" என்றேன். அவள் விரல்கள் தளர்ந்த பிறகும், மிஸ்ஸி போகச் சொல்லும்வரை பிடித்திருந்தேன். கண் விழித்தபோது வாந்தி எடுத்தாள், கால் நோகிறது என்று அழுதாள். ஆனால் உம்மாவைத் தெரிந்தது, என்னையும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் தலையணையை இழுத்துக்கொண்டு என் பாய்க்கு வந்தாள். பொத்தான் சட்டை மட்டும் ஏழு வயதுவரை வேண்டியிருந்தது.

ஆறு வயதில் அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். வளர்ந்துவிட்டேன் என்று தனிப் பாய் கேட்டாள். உம்மா சிரித்துக்கொண்டு விரித்துக் கொடுத்தார். நானும் சிரித்தேன்.

இப்போது ஓட்டமாவடியில் நாலு பிள்ளைகளோடு இருக்கிறாள். கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்கிறாள். "என்ன ராத்தா, நான் உங்களோட பேசாம இருந்தனா?" என்று கன்னத்தில் கை வைக்கிறாள். இருந்தாள். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தது ஒரே ஒரு வருடம். அதில் மூன்று மாதம் எனக்குக் கிடைக்கவில்லை.