வெளிக்காற்று

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் பட்டறையில் ‘சரிங்க’ என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே முதலாளியிடம் ஒரே காரை ஓட்டுகிறார். முதலாளி வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். என் அக்காவிடம் ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பாரா என்றால், கிடையாது.

நான் கார் ஏ.சி. வேலை பார்ப்பவன். ஒரு நாள் காலையில் அந்தக் காரை என்னிடம் கொண்டுவந்தார்.

“ஜில்லுன்னு வரலை மாப்ள. ரெண்டு இடத்துல காட்டிட்டேன். ரெண்டு பேரும் கேஸ் போட்டு அனுப்பிட்டானுங்க.”

“நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதானே மாமா!”

அவர் சிரிக்கவில்லை. முதலாளி சொன்னாராம்: ‘ஏ.சி. சரியாகட்டும், இந்த வண்டி விஷயமா ஒரு முடிவுக்கு வந்துடலாம்.’

“வச்சுக்கப் போறார்னுதானே அர்த்தம்? புதுசு வாங்கினா அவர் பையனே ஓட்டிப்பான். அம்பத்தெட்டு வயசுல என்னை எவன் கூப்பிடுவான்?”

மற்ற வண்டிகளை நான் அரைகுறையாகப் பார்த்து அனுப்பியது உண்டு. அந்த முகத்தைப் பார்த்த பிறகு இதில் அப்படிச் செய்ய மனசு வரவில்லை.

மீட்டரை மாட்டினேன். கேஸ் சரியாக இருந்தது. முன்னால் இருந்த விசிறி ஒழுங்காகச் சுற்றியது. கம்ப்ரசருக்கு வயதாகியிருந்தது, ஆனால் ஓடியது. ஃபில்டரை அவரே மாதாமாதம் கழற்றித் தட்டி வைப்பவர், அதில் தூசி இல்லை. டேஷ்போர்டைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான், ஏ.சி. பட்டனுக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. வெளிக்காற்று வேண்டுமா, உள்ளே இருக்கிற காற்றே சுற்றினால் போதுமா என்று மாற்றுகிற நெம்புகோல் அது. வெளிக்காற்றில் நின்றிருந்தது.

“இதை யார் மாமா ஒட்டினது?”

“நான்தான். பெரியம்மாவுக்கு மூச்சு முட்டும். யாரும் இதைத் தொடக்கூடாதுன்னு சொன்னாங்க.”

பெரியம்மா, முதலாளியின் அம்மா. இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ரோட்டில் கொதிக்கிற காற்றையெல்லாம் அந்தக் கிழட்டு கம்ப்ரசர் தலையில் கட்டிவிட்டு, குளிரவில்லை என்று ஊரெல்லாம் அலைந்திருக்கிறார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகக் கேட்டிருப்பேன், அக்கா வீட்டுக்காரராகப் போய்விட்டார்.

“அவங்க போய்ட்டாங்களே மாமா!”

“எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலையே.”

டேப்பைக் கிழித்து நெம்புகோலைத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே பல் கிட்டியது. மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் முதலாளியை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று போனார். அவருக்குப் பரம திருப்தி. அன்று சாயங்காலமே காரை வாங்க ஒருத்தர் வந்தார். ஏற்கெனவே மூன்று பேர் வந்து, ஏ.சி. சரியில்லை என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். அது மாமாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘நீயே ஓட்டிக் காட்டுப்பா’ என்றார் முதலாளி. மாமா ஓட்டிக் காட்டினார். வந்தவர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே விலை பேசி முடித்தார். டிரைவர் வேண்டாம், தானே ஓட்டிக்கொள்வதாகவும் சொன்னார்.

மாமா பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். விஷயம் கேள்விப்பட்டு நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காதான் வாசலில் வழிமறித்தாள்.

“ஊர்ல எல்லார் வண்டியையும் அரைகுறையாத்தானே பார்த்து அனுப்புற? இந்த ஒரு வண்டிய மட்டும் ஏன்டா ஒழுங்கா பார்த்த?”