பாதிச் சாவி

நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மௌரீனுக்கு நிஜமாகவே நடந்தது இது. தேதியும் நேரமும் அவளே குறித்து வைத்திருக்கிறாள்.

2007, ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. ஹெப்பகோடிப் பக்கம், கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷின் செய்கிற சின்னக் கம்பெனி. அங்கே இன்ஜினியரான மௌரீனுக்கு மூன்று வாரமாக லீவே கிடையாது. ஈஜிபுரா வீட்டில் துவைக்காத துணி குவிந்து கிடந்தது. கண் எரிந்தது. என்ன பிழைப்போ, போங்கள்!

அன்றைய வேலை இதுதான். மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற புரோகிராமுக்குப் பூட்டுப் போட வேண்டும். சாவி ஒரு ரகசிய எண். அதைச் சிப்புக்குள் ஒரே ஒரு முறைதான் எரித்துப் பதிக்கலாம். பிறகு அழிக்க முடியாது. தப்பினால் அனுப்பக் காத்திருக்கும் நாற்பது மெஷினும் குப்பை, அவள் வேலையும் கோவிந்தா.

அந்த எண்ணில் பாதி மௌரீனிடம். மறுபாதி சீனியர் ப்ரஹ்லாதிடம். ஒருவர் பாதியை மற்றவர் பார்க்கக் கூடாது. தட்டி முடித்ததும் அவரவர் பாதியைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். பின்னால் புரோகிராமில் எதை மாற்றுவதானாலும் இரண்டு உறையும் வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்ற ப்ரஹ்லாத் வரவில்லை. போன் போட்டுப் போட்டு அலுத்துப்போய், மேஜையிலேயே தலை சாய்த்தாள்.

மணி 3:10. நிமிர்ந்தால் எதிரே ப்ரஹ்லாத்.

"வந்துட்டீங்களா சார்! உயிரை வாங்கிட்டீங்களே!"

அவர் கீபோர்டைக் கண்ணால் காட்டினார். எப்போதும் "ஊட்டா ஆய்த்தா மௌரீன்?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டேதான் நுழைவார். அவர் ஐடி கார்டைக் காட்டினால் கதவு 'பீப்' என்று கத்தும். கத்தியதாக ஞாபகமில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டரில் தன் பாதியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

அவர் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கைக்குட்டையைக் கீபோர்டு மேல் விரித்து, அதற்கடியில் விரல்களை விட்டார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

தட்டுகிற சத்தமே இல்லை...

திரும்பினாள். திரையில் நட்சத்திரப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. எட்டு... ஒன்பது... பதினாறு.

கைக்குட்டை அசையவில்லை.

"சார்... உடம்பு சரியில்லையா?"

"ஆய்த்து," என்றார். முடிந்தது.

வரிசையாக நாற்பது மெஷினும் ஒளிர்ந்து எழுந்தன. நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நன்றி சொல்லத் திரும்பினாள்.

நாற்காலி காலி.

மேஜையில் ஒட்டிய உறை. அவர் கையெழுத்து. 3:22.

கீழே ஓடினாள். கேட்டில் செக்யூரிட்டி சின்னப்பா எழுந்து நின்றார்.

"இப்பதான் எம்.டி. போன் பண்ணாரு மேடம்... நம்ம ப்ரஹ்லாத் சார்... ஓசூர் ரோட்ல லாரி அடிச்சிடுச்சாம். காலையில பதினொன்னு இருபதுக்கே போயிட்டாராம்."

"இல்ல... இப்பத்தானே மேல..."

"மேல நீங்க ஒருத்தர்தான் மேடம்."

மறுநாள் எம்.டி. உறையைக் கிழித்தார். உள்ளே வெற்றுத் தாள்.

"மெஷின் ஓடுதுல்ல? அனுப்புங்க," என்றார்.

ஓடத்தான் செய்கின்றன. ஆனால் தினமும் காலை 11:20க்கு, யாரும் தொடாமலே, நாற்பதும் அணைந்து எழுகின்றன. ஆளுக்கொரு வெற்றுச் சீட்டைத் துப்புகின்றன.

அதைச் சரிசெய்யச் சொல்லி மௌரீனுக்குக் கடைக்காரர்கள் ஓயாமல் போன் செய்கிறார்கள். அரை மணி வேலைதான்...

அவருடைய பாதி வேண்டும்.